மேலே நான்கு அங்குலம்

ஆயர் கெலாடி தோட்டத்துக்கு மின்சாரம் வந்தது 1984-இல். வந்தது என்றால், பெரிய சாலையோரத்து மின்கம்பம் வரைக்கும் வந்தது. அங்கிருந்து லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைய அது மேலும் ஏழு மாதம் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்கு ஒன்றும் அவசரம் இல்லை. வட்டார மின் பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்துக்கு அதைவிட இல்லை. அவசரப்பட்டவர்கள் தோட்டத்து ஜனங்கள்தான். கோலசிலாங்கூரில் டெலிவிஷன் வாங்கி, அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி, வாரம் ஒருமுறை வெளியே இழுத்துத் துடைத்து, மறுபடியும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏழு மாதமும் நல்லசாமியைப் பார்த்தவர்கள் எல்லாம், விளக்கு எப்போது எரியும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நல்லசாமி தோட்டத்து வயர்மேன். பதினெட்டு வருஷமாக ஆலையின் ஜெனரேட்டரைக் கட்டி மேய்த்தவன். அவனுடைய வயர்மேன் சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், முருகனைவிட ஓர் அங்குலம் மட்டும் தாழ்வாகத் தொங்கியது. அதன் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் உரிமை. அந்த உரிமையை நினைத்து அவன் பெருமைப்பட்ட காலம் ஒன்று உண்டு. இந்தக் கதை அதற்குப் பிந்தியது.

மின்சாரத்தை மறித்து நின்றது எர்த்து. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டில் ஏதோ ஒரு சாமானில் மின்சாரம் கசிந்தால், அது மனிதனைத் தேடிப் போகாமல் ஒரு கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கினால் பியூஸ் எரியும், ஆள் பிழைப்பான். அதற்காக வீட்டோரம் செம்பு பூசிய ஐந்தடிக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்து இறக்கி, சுவிட்சுப் பெட்டியிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் வயர் இழுத்து அதில் முடுக்குவார்கள். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் அலுவலகம் எதற்கு? ஆகவே அதற்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது.

கம்பிகளை அனுப்பிய பிரிவு, ஒரு கட்டடத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டுப் பதினாறு லயங்களுக்குப் பதினாறு அனுப்பியது. படிவத்தை எழுதிய பிரிவு, ஒரு வீட்டுக்கு ஒன்று என்று எழுதி, லயத்துக்கு நாலு வீடாக அறுபத்து நான்கு கேட்டது. இரண்டு பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறையில் இருந்தன. அவை ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும் என்பது விதி.

தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பாலகிருஷ்ணன் படிவத்தை ஒரு பக்கமும் பென்சிலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு நல்லசாமியைக் கூப்பிட்டார்.

"நல்லசாமி, பாரத்துல அறுபத்து நாலு கேக்குது. வந்திருக்கிறது பதினாறு."

"லயத்துக்கு ஒன்ன முழுசா எறக்கி, நாலு வீட்டையும் அதுல சேத்துட்டா போதுங்க ஐயா. நம்மளுது கடலோர மண்ணு. அஞ்சடி போனா நல்லா ஈரத்தப் புடிச்சிக்கும்."

"போதுமா போதாதான்னு பாரம் கேக்கலையே. எத்தனைன்னுதானே கேக்குது." கிராணி பென்சிலை உருட்டினார். "பதினாற நாலால பெருக்கு."

"அறுபத்து நாலுங்க."

"அப்புறம் என்ன? ஒன்ன நாலா அறு."

நல்லசாமிக்கு முதலில் கிராணி விளையாடுகிறார் என்றுதான் பட்டது. கிராணி பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட விளையாடியதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஐயா, அறுத்தா பதினஞ்சு இஞ்சுதான் வரும். மண்ணுல நிக்கும். வேல செய்யாது."

"நிக்குதில்ல? வியாழக்கிழமை ஆய்வு. அன்னைக்கு நின்னா போதும். இன்னும் நாப்பத்தெட்டு கம்பி வேணும்னு நான் எழுதினா பதில் வர அடுத்த தீபாவளி ஆயிடும். ஜனங்க உன்னையத்தான் ஏசுவாங்க, என்னையல்ல."

முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நல்லசாமியின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே கிராணி ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இரண்டு நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தான். ரம்பச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஜெனரேட்டரை வெறுமனே ஓடவிட்டான். வெளியே தெரியப்போகும் முனைகளை அரம் வைத்து ராவி, உருட்டி, பளபளப்பாக்கினான். மண்ணுக்குள் போகும் முனைகளை ரம்பம் விட்ட கோடுகளோடு அப்படியே விட்டான். அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இறக்குவதற்குச் சம்மட்டிகூட வேண்டியிருக்கவில்லை. நாலே தட்டுத்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த நாலு தட்டைத் தட்டும்போது, உள்ளேயிருந்து யாராவது, "அண்ணே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அவன் எந்த வீட்டிலும் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் சுப்பிரமணியம் வந்தார். இடுப்பில் தோல் உறை. அதற்குள்ளிருந்து ஓர் எஃகு அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு கம்பியின் முன்னும் குந்தி, மண்ணுக்கு மேலே தெரிகிற பகுதியை அளந்து, "நாலு" என்றார். கிராணி படிவத்தில் "நாலு" என்று எழுதினார். பதினேழாவது வீட்டில் நாலேகால் இருந்தது. ஆய்வாளரின் முகம் இருண்டது. நல்லசாமி பயந்துபோய்ச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தான். கம்பி கால் அங்குலம் இறங்கியது. ஐந்தடிக் கம்பி எந்த ஊரில் செருப்புக் காலுக்கு இறங்கும் என்று ஆய்வாளர் கேட்பார் என எதிர்பார்த்தான். அவர் அளந்து, "நாலு" என்றார்.

கேட்டுவிட மாட்டாரா என்று நல்லசாமிக்கு ஏக்கமாகவே இருந்தது. பிடிபட்டுவிட்டால் இந்த அசிங்கம் இன்றோடு ஒழியும். கடைசியில் அவனே வாய்விட்டான்.

"ஐயா, கீழ எவ்வளவு போயிருக்குன்னு பாக்க வேணாமுங்களா?"

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "கீழயா? மண்ணுக்குக் கீழ இருக்கிறது நில அலுவலகத்தோட சங்கதி. அதுல நான் தலையிட்டா விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்துடும்லா."

"மண்ணோட தடைய அளக்க ஒரு மெஷின் இருக்குமே ஐயா."

"இருக்கே. அருமையான மெஷின். ஆபீஸ்ல கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கோம். வெளிய கொண்டு வந்தா ஒடஞ்சிடும்னு எங்க ஆபீஸ் தலைவர் பெரிய துவான் சாவிய அவரே வச்சிருக்காரு. அந்தக் கட்டத்துல நாங்க எப்பவும் அஞ்சுன்னு எழுதிடுவோம். அஞ்சு நல்ல நம்பர்."

பதினான்காம் பக்கத்தின் அடியில் நல்லசாமி தன் சர்டிபிகேட் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான். முருகனுக்குப் பக்கத்தில் தொங்கிய அதே எண்.

இரண்டு வாரம் கழித்து மின்சாரத்துக்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. எர்த்து வயர் பச்சையாக இருப்பது பழைய வழக்கம் என்றும், இனி பச்சையில் மஞ்சள் கோடு இருக்க வேண்டும் என்றும், கோடில்லாத வயரால் உயிருக்கு ஆபத்து என்றும் அது எச்சரித்தது. நல்லசாமி லோரிக்கு நம்பர் எழுதி மிஞ்சிய மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு அறுபத்து நான்கு வீட்டு வயருக்கும் கோடு போட்டான். ஆய்வாளர் திரும்ப வந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்து, சாயம் காய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, "இப்பதான் எனக்கு நிம்மதியா தூக்கம் வரும்," என்றார். மறுவாரம் விளக்கு எரிந்தது. அறுபத்து நான்கு டெலிவிஷன்களும் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தன.

நல்லசாமிக்குத் தூக்கம் வரவில்லை. கம்பியைச் சுற்றி மண் ஈரமாக இருந்தால் பதினோரு அங்குலமாவது ஓரளவு வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே வீடு வீடாகப் போய், "காலையில எந்திரிச்சதும் அந்தக் கம்பிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க. மறக்காதீங்க," என்று சொல்லிவைத்தான். செய்த தப்புக்கு அவன் கண்டுபிடித்த பரிகாரம் அது. பெண்கள் ஊற்றினார்கள். அண்ணன் சொல்லிவிட்டார் அல்லவா.

ஆனால் வாசலில் மண்ணில் நட்டு நிற்கிற இரும்புக்கு விடிகாலையில் குளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற பெண், எத்தனை நாளைக்கு அதைச் சும்மா விட்டு வைப்பாள்? தோட்டத்தில் முனியாண்டி நிற்பதும் அப்படித்தானே, நட்டு வைத்த சூலமாக? முதல் பொட்டை வைத்தவள் நல்லசாமியின் மனைவி புஷ்பவள்ளி.

"என்னடி இது, கம்பிக்குக் குங்குமம்?"

"தண்ணிய ஊத்திட்டு வெறுமனே வர எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுங்க."

"அது சாமி இல்ல."

"பின்ன எதுக்குத் தெனமும் தண்ணி ஊத்தச் சொன்னீங்க?"

ரம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்லசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஒரு மாதத்துக்குள் அறுபத்து நான்கு கம்பிக்கும் பொட்டு ஏறியது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் முடிச்சு. கம்பி முனி என்று பெயரும் விழுந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் ஆண்கள் கம்பியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நல்லசாமி பார்ப்பான். தன் ரம்பம் அறுத்த துண்டை ஜனங்கள் கும்பிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. யாராவது, "கும்பிடாம போறீங்களேண்ணே?" என்று கேட்டால், அவனும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஆறு மாதத்து ஆய்வுக்கு வந்த சுப்பிரமணியம் பொட்டைப் பார்த்துச் சத்தம் போடுவார் என்று கிராணியே பயந்தார். ஆய்வாளரோ கண் கலங்கிவிட்டார்.

"கிராணியாரே, இந்தப் பாரத்துல 'பராமரிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பன்னெண்டு வருஷமா அத நான் வெறுமையா விட்டுக்கிட்டு வரேன். செரண்டா வரைக்கும் போயிருக்கேன். எர்த்துக் கம்பிய நாய் நனைக்கும். குளிப்பாட்டிப் பொட்டு வச்சத எங்கயும் பாத்ததில்ல." அந்தக் கட்டத்தில், 'மிக்க மரியாதையுடன் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

ஜூன் மாதம் வெயில் மண்ணைப் பிளந்தது. அப்போதுதான் பதினாறாவது லயத்துக் கடைசி வீட்டுச் சின்னத்தாய் பட்டறைக்கு வந்தாள். செம்பனை மரங்களுக்கு அடியில் எண்ணெய்க்கான உதிரிப் பழம் பொறுக்குகிறவள். புருஷன் இறந்த பிறகு தனியாக இருப்பவள். எதைச் சொன்னாலும் அண்ணே போட்டுத்தான் சொல்லுவாள்.

"அண்ணே, எங்க வீட்டுக் குழாய் கடிக்குதுண்ணே."

நல்லசாமி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "எப்பிடிக் கடிக்குது?"

"தொட்டா வெடுக்குன்னு தோள் வரைக்கும் ஏறுதுண்ணே. எப்பவும் இல்லண்ணே. காலையில பேர் கூப்புடற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன தண்ணி புடிக்கிறப்பதான்."

"சிலிப்பர் போட்டுக்கிட்டுத் தொடு," என்றான். சொல்லி முடித்ததும் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பதினோரு மணிக்குச் சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். குழாய் சாதுவாக இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். இதுதான் அவன் செய்ததிலேயே கேவலமானது என்று பின்னால் பல முறை நினைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் காலையில் குழாய் சின்னத்தாயைத் தூக்கி எறிந்தது. குடம் ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள். மூன்று நாள் வலது கை மரத்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் இருந்தாள்.

விபத்து என்றால் விசாரணை. சுப்பிரமணியம் வந்தார். கம்பியை அளந்தார். நாலு. வயரைப் பார்த்தார். கோடு அழியாமல் இருந்தது. பிறகு சின்னத்தாயை விசாரித்தார்.

"குழாயத் தொட்டியாம்மா?"

"தொட்டேங்க. தண்ணி புடிக்கணுமே."

"எர்த்து இருக்கிற குழாயத் தொடறதுக்கு முன்ன ஆபீஸ்ல சொன்னியா?"

"இல்லீங்க."

அறிக்கை மறுநாளே வந்துவிட்டது. அந்த அலுவலகத்திலிருந்து மறுநாளே வந்த ஒரே காகிதம் அதுதான். 'பாதிக்கப்பட்டவர் குழாயைத் தொட்டதே விபத்துக்குக் காரணம். தொடாதிருந்தால் விபத்து நேர்ந்திருக்காது. எர்த்து ஏற்பாடுகள் குறைவற இருந்தன.'

தோட்டம் வேறொரு விசாரணை நடத்தியது. சின்னத்தாயின் பக்கத்து வீட்டுக்காரர், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி, கோயில் முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார். "அறுபத்து மூணு வீட்டுல ஒன்னும் செய்யாத முனி இவள மட்டும் ஏன் அடிக்குது? சுத்தம் இல்லாம தண்ணி ஊத்தியிருக்கா."

சின்னத்தாய் அதை மறுக்கவில்லை. நல்லசாமி போய்ப் பார்த்தபோது, மரத்த கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். "நெசந்தாண்ணே. தூரமா இருந்த அந்த மூணு நாள்ல ஒருநாள் மறதியா ஊத்திட்டேன்ணே. எம்மேலதாண்ணே குத்தம்."

அவளுக்கு நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு என்று முடிவானது. மற்ற பெண்களோடு பொதுக்குழாயில் வரிசை நிற்கக் கூடாது. ஆடியில் கோயிலுக்குக் கரகம் எடுக்கக் கூடாது. அலுவலகமும் முனியும் அப்படி ஒருமனதாக ஒரு தீர்ப்புக்கு வந்ததை நல்லசாமி அதற்கு முன் கண்டதில்லை.

அவனால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் விடியும்போதே போய் அந்த லயத்தோரம் நின்றான். சன்னாசி பெரட்டுக்குப் போவதற்காகக் காக்கிக் கால்சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்ததும் சோதனை விளக்கைக் குழாயில் வைத்தான். விளக்கு எரிந்தது. சன்னாசி பெட்டியை அணைத்ததும் அணைந்தது. அவ்வளவுதான் மர்மம். மண்டோரின் பழைய இஸ்திரிப் பெட்டி கசிகிறது. கம்பி முழுசாக இருந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய் பியூஸை எரித்திருக்கும். ஆனால் கம்பி போன பதினோரு அங்குலமும் வெயிலில் வறண்ட மண்; ஒரு செம்பு தண்ணீர் அதற்குப் போதவில்லை. கசிவு நாலு வீட்டுக்கும் பொதுவான குழாயில் ஏறிக்கொண்டு நின்றது. மற்ற மூன்று வீட்டுக் குழாயடியிலும் பலகை போட்டிருந்தார்கள். சின்னத்தாய்க்குப் பலகை போட வீட்டில் ஆள் இல்லை. அவள் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றாள்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கம்பியைப் பிடுங்குவார்கள், ரம்பக் கோடு தெரியும், சுவரில் தொங்கும் சர்டிபிகேட் போகும். "மண்டோரே, பொட்டியோட வயரு பழசாயிருக்கு, மாத்தித் தரேன்," என்று வாங்கிப் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

குழாய் கடிப்பது நின்றது. அன்று சின்னத்தாயின் விரதத்தில் ஒன்பதாம் நாள். தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. அவள் குற்றவாளிதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவள் பட்டறைக்கு ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "சாமி மன்னிச்சிடுச்சுண்ணே! இனி நாப்பத்தெட்டு நாள் இல்லண்ணே, ஒரு வருஷம் இருக்கப் போறேண்ணே." ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை. பழம் அங்கேயே கறுத்து, எறும்பு மொய்த்தது. புஷ்பவள்ளி கேட்டதற்கு, பசியில்லை என்றான். ஒரு வேளைச் சோற்றோடு பழம் பொறுக்கப் போகிறவளை அந்த ஒரு வருஷமும் அவன் சுற்றுவழியில் போய்த் தவிர்த்தான்.

அடுத்த ஆண்டு ஆயர் கெலாடி தோட்டத்துக்கு விருது கிடைத்தது. வட்டாரத்திலேயே மிகச் சிறந்த எர்த்து. வழங்குவதற்குப் பெரிய துவானே நேரில் வந்தார். கண்ணாடி அலமாரிச் சாவி அவர் கழுத்துப்பட்டைக்குக் கீழே தொங்குவதாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினாறாவது லயத்தின் முன்னே பந்தல், ஒலிபெருக்கி, மாலை. பந்தல் அங்கே போடப்பட்டதற்குக் காரணம் சின்னத்தாய். விரதத்தில் இருப்பவள் ஆயிற்றே, தோட்டத்திலேயே அவள் வீட்டுக் கம்பிதான் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக மின்னியது.

பெரிய துவான் பேசினார். "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே! பாதுகாப்பு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பை நாங்கள் எப்படி ஆய்வு செய்வது? என் இருபத்தாறு ஆண்டுச் சேவையில் நான் ஒரு கம்பியைக்கூடத் தோண்டிப் பார்த்ததில்லை. ஏன்? நம்பிக்கை! இந்தத் தோட்டத்தில் சென்ற ஆண்டு ஒரு சிறு சம்பவம் நடந்தது. எங்கள் அறிக்கைக்குப் பிறகு அது மீண்டும் நடக்கவில்லை. ஓர் அறிக்கைக்கு அவ்வளவு சக்தி உண்டு!"

கைதட்டினார்கள். பிறகு படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். பெரிய துவான் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். படம் பிடிக்க வந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பொட்டு அந்தப் பக்கம் இருக்கு. கேமராவுக்குத் தெரியல. கம்பியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க," என்றார்.

ஐந்தடிக் கம்பியை யாரும் கையால் திருப்ப முடியாது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்திருக்க வேண்டியவர்கள் மூன்று பேர். பெரிய துவான் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். ஆய்வாளர் சின்னத்தாயைப் பார்த்துத் தலையசைத்தார். நல்லசாமி பந்தற்காலைப் பிடித்துக்கொண்டான்.

சின்னத்தாய் குனிந்து, கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்லத் திருப்பினாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஊற்றிய தண்ணீரில் மண் இளகியிருந்தது. வயர் கழன்றுகொள்ள, மரவள்ளிக் கிழங்கைவிட லேசாகக் கம்பி அவள் கையோடு வந்துவிட்டது.

பதினைந்து அங்குலம். நுனியில் ரம்பம் விட்ட கோடுகள்.

சின்னத்தாய் கூட்டத்தில் யாரையோ தேடி, கடைசியில் நல்லசாமியைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணே... ஒடச்சிட்டேண்ணே. மெதுவாத்தாண்ணே திருப்புனேன்."

"இவளத் தொட விட்டதே தப்பு!" என்றார் சன்னாசி. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. சிலர் அவளைவிட்டு விலகி நின்றார்கள்.

ஆய்வாளர் அளவுகோலை உருவி, அவள் கையில் இருந்த கம்பியில் மண் படாமல் மின்னிய பகுதியை அளந்தார். "மேல நாலு சரியா இருக்குங்க துவான்."

"பயப்படத் தேவையில்லை," என்று பெரிய துவான் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மேலே இருக்க வேண்டிய நான்கு அங்குலம் அப்படியேதான் இருக்கிறது. பெண்ணின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு சேதத்தை நம் அலுவலகம் பெருந்தன்மையோடு..."

அதற்குமேல் ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்கவில்லை. நல்லசாமி லயத்துக் கோடியில் இருந்த பெட்டியைத் திறந்து தலைமைச் சுவிட்சைக் கீழே இழுத்திருந்தான். வீடுகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த டெலிவிஷன்களும் ஒன்றாக அடங்கின. பெரிய துவானின் வாய் மட்டும் சிறிது நேரம் அசைந்து நின்றது.

"அத அவ ஒடைக்கல," என்றான் நல்லசாமி. சத்தமாகச் சொல்ல நினைத்தான். சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "அறுத்தது நான். பட்டறையில வச்சு, அறுபத்து நாலையும் நான்தான் அறுத்தேன். அது சாமி இல்ல. மண்டோரு வீட்டு இஸ்திரிப் பொட்டி கசிஞ்சுது. கம்பி முழுசா இல்லாததால அது குழாயில ஏறி இவ கைக்கு வந்துச்சு. பொட்டிய ரிப்பேர் பண்ணேன், கடிக்கிறது நின்னுச்சு. எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருஷமா தெரியும்."

கிராணி வானத்தைப் பார்த்தார். பெரிய துவான் எழுந்தார். "நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்."

"பொய்யா போட்டேங்க."

ஆய்வாளர் அவசரமாகப் பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். "பொய்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே துவான்."

"அடுத்த ஆண்டுப் படிவத்தில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். முதலில் சுவிட்சைப் போடச் சொல். என் உரை முடியவில்லை."

நல்லசாமி சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டான். "முழுக் கம்பி எறக்குற வரைக்கும் போட மாட்டேங்க." சர்டிபிகேட் இனி முருகனுக்குப் பக்கத்தில் இருக்காது. அதற்காக வருத்தப்படக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சின்னத்தாய் அவனை நோக்கி நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஒரு வருஷமாகச் சுற்றுவழியில் போனதால் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பதை அவன் இப்போதுதான் பார்த்தான்.

"அப்ப எம்மேல குத்தம் இல்லையா?"

"இல்ல தங்கச்சி. ஒன்னுமே இல்ல."

"அந்த மூணு நாள்ல ஊத்துனது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நான் பழம் கொண்டாந்து குடுத்தேனே, அன்னைக்கும் தெரியுமா?"

நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்."

அவள் புடவைத் தலைப்பால் கம்பியின் குங்குமத்தைத் துடைத்தாள். அவசரப்படாமல், தினமும் காலையில் துடைப்பது போலவே துடைத்தாள். துடைத்து முடித்ததும் அதை அவன் கையில் வைத்தாள்.

"உங்க சாமான். எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி, பெண்கள் வரிசையில் அவளைச் சேர்க்காத பொதுக்குழாயை நோக்கிப் போனாள். அறுத்த முனை உள்ளங்கையில் குத்த, அண்ணே என்ற சொல் பின்னால் வரும் என்று நல்லசாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.